வல்லரசு முதல் ரேங்க்

ரெக்கார்டு நோட்டில் பன்னிரண்டு புரோகிராமுக்கும் பச்சை மையில் கையெழுத்து இருந்தது. ஒரு பக்கத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. ஆனாலும் லேப் வாசலில் நின்ற சதஃப் உள்ளே போகத் தயங்கினாள்.

"கீதா, உங்கிட்ட மட்டும் சொல்றேன்டி. இதுல ஒண்ணுகூட நான் லேப்டாப்ல போட்டுப் பாத்ததில்ல."

"அடிப்பாவி! படிக்கக் குடுத்த லேப்டாப் என்னாச்சு?"

"எங்க அண்ணன் செங்கம் ரோட்டுக் கடைக்குத் தூக்கினு போயிட்டான். பரீட்சைன்னு அழுது இன்னிக்கிதான் வாங்கினேன். ரெக்கார்டு முழுக்க சீனியர் கலையரசன் அண்ணா நோட்டைப் பாத்து எழுதினது, அவுட்புட்டோட."

"அது போன வருஷம் பாஸான நோட்டுடி. மனப்பாடம் பண்ணிட்டல்ல? போ."

"ஒரு அரியர் விழுந்தாலும் படிச்சது போதும்னுட்டாரு அத்தா."

சீட்டெடுத்தாள். ஏழாவது புரோகிராம். ஐந்து மாணவர்களின் மார்க்கைக் கூட்டி ரேங்க் போட வேண்டும். மனப்பாடம் செய்ததை ஒரு புள்ளி விடாமல் தட்டி ஓட்டினாள்.

திரையில் சிவப்பாக எரர் வரிகள் வந்து விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு.

வேலூரிலிருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளராக வந்திருந்த சக்கரவர்த்தி சார் பின்னால் வந்து நின்றார். மேசையில் மூடிக் கிடந்த ரெக்கார்டை அவர் தொடக்கூட இல்லை.

"வல்லரசு மொத ரேங்க். மொத்தம் நானூத்திப் பன்னெண்டு. இதானே அவுட்புட்?"

எல்லார் நோட்டிலும் இதே வல்லரசுதான் போல. மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார், பாத்து எழுதினதுதான் சார். சீனியர் நோட்டு. அவரு அவங்க சீனியர் நோட்டைப் பாத்தாராம்."

"அவரு?"

"அவருக்கு முன்னாடி இருந்தவங்களைப் பாத்து. ஒருத்தரும் ஓட்டிப் பாக்கல போல சார். எங்க வூட்ல படிப்பை நிறுத்திடுவாங்க. எந்த வரி தப்புன்னு மட்டும் சொல்லுங்க, மாத்திடறேன்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தார். பிறகு யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன்மா. இங்க படிக்கறப்போ இதை மொத மொத எழுதினதே நான்தான்."