மண்டபத்து லைன்

"நாற்பது பேர் கையெழுத்து சார். நாளைக்கு இதைப் பெரிய ஆபீஸ்ல கொடுத்தா உங்க வேலை போயிடும்."

நவநீதன் மனுவை மேஜை மேல் போட்டான். ஸ்ரீரங்கத்தில் செராக்ஸ் கடை வைத்திருப்பவன். யாரையும் லேசில் நம்பாதவன்.

மின்வாரிய சப்-ஸ்டேஷனில் டூட்டியில் இருந்த விக்டர் மனுவைத் தொடவில்லை. "உட்காருங்க" என்றார்.

"உட்கார வரலை. தினம் சாயங்காலம் எங்க தெருவுல கரண்ட் போகுது. கடையில மெஷின் நிக்குது. பக்கத்துல கல்யாண மண்டபத்து லைன்ல மட்டும் ஒரு நாள்கூடப் போகலை. ஏன்?"

"ஆடிக் காத்துல தெற்கே காத்தாலைங்க கரண்ட்டைக் கொட்டுது. சாயங்காலம் பொசுக்குன்னு காத்து விழுந்துடுது. உடனே மேலேர்ந்து போன் வரும், ஒரு லைனை நிறுத்துன்னு. எதை நிறுத்தறதுன்னு நான்தான் பார்க்கணும்."

"அப்ப மாத்தி மாத்தி நிறுத்த வேண்டியதுதானே?"

"முறை அதுதாங்க."

ஒப்புக்கொண்டுவிட்டாரே! நவநீதனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மண்டபத்துக்காரர் எவ்வளவு தள்ளறார்?"

விக்டர் சிரித்துவிட்டார். "ஆடி மாசத்துல எந்த மண்டபத்துலங்க கல்யாணம் நடக்கும்? அது பூட்டிக் கிடக்கு."

நவநீதன் முகத்தில் அசடு வழிந்தது. ஆத்திரத்தில் மாசத்தை மறந்திருந்தான். ஆனாலும் விடுகிற ஆளா? போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். மண்டபத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீடு. அதிலிருந்து விக்டர் வெளியே வந்துகொண்டிருந்தார்.

"இது யாரு? தினம் காலையில அங்க உங்களுக்கு என்ன வேலை?"

விக்டரின் சிரிப்பு நின்றது.

"அங்க ஒரு பெரியவர் தனியா இருக்கார். வைத்தியத்துக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு ஓடுது. கரண்ட் போனா அதுவும் நின்னுடும். அதான் அந்த லைன்ல கை வைக்கறதில்லை. தப்புதான், தாராளமா மனு கொடுங்க. என் வீடும் உங்க லைன்லதாங்க இருக்கு."

"நல்லாருக்கு கதை! எங்கப்பாவும்தான் வயசானவர். லால்குடியில தங்கச்சி வீட்ல இருக்கார். அவருக்காக நான் ஊரை இருட்டாக்கினேனா? இவருக்குப் பிள்ளைங்க கிடையாதா?"

"மகன் இதே ஊர்லதான் இருக்கானாம். அவனைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பெரியவர் பேர்கூடச் சொல்ல மாட்டேங்கறார். அவசரத்துக்குன்னு நம்பர் மட்டும் கொடுத்தார். நானும் இந்த ஆபீஸ் போன்லேர்ந்து தினம் அடிக்கறேன். கடன் வேணுமான்னு கேக்கற கும்பல்னு நினைக்கறானோ என்னவோ, கட் பண்ணிடறான்."

நவநீதனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அப்படி ஒரு மகன் நிஜமாகவே இருக்கிறானா என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தான்.

"இப்ப அடிங்க. நானே பேசறேன். பெத்தவரை இப்படி விட்டுட்டு எப்படிடா சோறு இறங்குதுன்னு கேக்கறேன்."

விக்டர் எண்களை அழுத்தினார்.

அந்த வீட்டின் படத்தை மறைத்துக்கொண்டு, நவநீதன் கையிலிருந்த போன் அடித்தது.