கேள்வி கேட்கிற சார்

பூந்தமல்லியில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மைதிலியின் மனநலச் சிகிச்சை அறை. போலீஸ் விசாரணையில் சித்திரவதை செய்யப்பட்டவர்கள் அங்கே வருவார்கள். மனதில் வருவதைப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அப்துல் கையூம் பேசாமல் இருந்தார். வியாழக்கிழமைதோறும் வந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுப் போவார்.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அவர் மனைவி வஹீதுன்னிசா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டாக்டரம்மா, உள்ள கேள்வி கேக்குறாரே ஒரு சார், அவரைக் கொஞ்சம் அதட்டாம கேக்கச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு அழுதுகினே பதில் சொல்றது இங்க வரைக்கும் கேக்குது."

உள்ளே அப்துல் கையூமையும் மைதிலியையும் தவிர யாரும் இருந்ததில்லை.

இந்த வாரம் அப்துல் கையூம் வாய் திறந்தார். லாக்கப்பில் நடந்ததை மெல்லிய குரலில், நிதானமாகச் சொன்னார். நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மைதிலிக்கு நிம்மதியாக இருந்தது.

கதவைத் திறந்தபோது, காலியாகக் கிடந்த நீள பெஞ்சின் ஒரு ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு வஹீதுன்னிசா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு அந்த சார் வர்லியா? அதட்டுற சத்தமே கேக்கலியே."

அப்துல் கையூம் குனிந்து செருப்பை மாட்டினார்.

"வந்தாரே. உன் பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தாரு."