அனுப்பும் முன்

காலை பத்தே கால் மணிக்கு டெஸ்மண்டின் மனைவி நிக்கோலை அறுவை அரங்குக்குள் கொண்டு சென்றார்கள். பித்தப்பைக் கல், சின்ன அறுவைதான். அதனால் டெஸ்மண்ட் ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு வந்துவிட்டான். அதே மருத்துவமனை, நோயாளிகளின் குடும்பத்தாருக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்ப எந்தச் சேவையை வாங்கலாம் என்று அவனும் உடன் வேலை செய்யும் அனுஜாவும் மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சோதனைக்கு ஒரு நோயாளியின் பெயர் தேவைப்பட்டது. யோசிக்காமல் நிக்கோலின் பெயரையும் தன் மின்னஞ்சல் முகவரியையும் அடித்தான்.

முதல் இரண்டு சேவைகளில் மின்னஞ்சல் சற்றுத் தாமதமாக வந்தது. மூன்றாவதில், ‘அனுமதிக்கப்பட்டார்’ என்ற செய்தி வந்த பிறகுதான் அவன் விரல் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியது.

“என்னா வேகம் அண்ணே! இதையே எடுத்துக்கலாம்லா,” என்று அனுஜா சிரித்தாள்.

“கம்ப்யூட்டர் ஏதோ உளறுது. இதுலயே இன்னொரு செய்தி அனுப்பிப் பார்ப்போம்.”

‘அறுவை தொடங்கியது’ என்பதும் முன்னதாகவே வந்தது. அதன் பிறகே அவன் அதை அனுப்பினான்.

அடுத்து, மாதிரிச் செய்திகளின் பட்டியலில் ‘நல்லபடி முடிந்தது’ என்பதைத் தேடிக்கொண்டிருந்தபோது இரங்கல் செய்தி வந்தது. அதில் நிக்கோலின் பெயர் இருந்தது.

டெஸ்மண்ட் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்தான். அனுஜா சிரிக்கவில்லை.

“அண்ணே, நீங்க இன்னும் அனுப்பல. அனுப்பாமலே விட்டுட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?”