மேல்மண்

மயிலாத்தாள் குத்தகைக்குப் பிடித்தபோது அந்த ஒரு ஏக்கரும் வெளுத்து இறுகிக் கிடந்தது. மூட்டை மூட்டையாக உரம் போட்டும் முதல் வருஷக் கத்தரி இலை மஞ்சளித்து வளராமல் நின்றுபோனது. அதன்பிறகு நான்கு வருஷம் தழையுரத்துக்காகக் கொளுஞ்சி விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதாள். கோடையில் ஆட்டுப்பட்டி போட்டாள். மண் கறுத்துப் பொலபொலத்தது. கத்தரிச் செடி இடுப்புயரம் வந்தது.

நிலத்துக்காரர் சென்னியப்பன் மண் பரிசோதனை அட்டையோடு வரப்பில் வந்து நின்றார்.

"சத்து மூணு மடங்கு ஏறியிருக்குதாமா, அம்மிணி. வர்ற தையிலிருந்து நானே வெள்ளாமை பண்ணிக்கறேன்."

"அப்ப நான் பட்ட பாடுங்க?"

"மண்ணு என்னுதுதானே?"

"நீங்க குடுத்த மண்ணு உங்களுதுதானுங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் வந்தபோது, காய்ப்பு ஓய்ந்த மூலையில் ஒரு சாண் ஆழத்துக்கு மேல்மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஓடைக்கு அப்பால் தம்பியின் கல்லாங்காட்டில் ஏற்கெனவே நாலைந்து கறுப்புக் குவியல்கள். வெட்டிய இடத்தில் பழைய வெள்ளை மண் பல்லிளித்தது.

"என்ன புள்ள பண்றே?"

"உங்க மண்ணு அடியில பத்திரமா இருக்குது, பாத்துக்குங்க. நான் உண்டாக்குனத மட்டும் எடுத்துக்கறேன்."

"கிறுக்கா உனக்கு? ஒரு ஏக்கரையும் கூடையில அள்ளி முடிப்பியா?"

"தைக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதுங்களே."

சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நிறைந்த கூடையின் முன் குனிந்தாள். அக்கம்பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

"சித்த ஒரு கை புடிச்சுத் தூக்கி உடுங்க" என்றாள் அவரிடம்.