மாசிலாமணித் தவளையின் பதில்கள்

குளத்து உயிர்களின் ‘உயிரியல் சந்தேகம்’ வாட்ஸ்அப் குழுவில் எதைக் கேட்டாலும் முதலில் பதில் சொல்வது மாசிலாமணித் தவளைதான்.

ஒருநாள் ஓர் ஈ கேட்டது: “ஐயா, தவளையின் கண்ணில் படாமலிருக்க வழி உண்டா?”

மாசிலாமணிக்குத் திக்கென்றது. ஆனால் அதற்குள் ஆமை எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஆமை முந்திவிட்டால் மானமே போய்விடுமே!

“அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள். அசைவதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரியும்” என்று போட்டுவிட்டது. கைதட்டல்கள் குவிந்தன.

மறுநாளிலிருந்து ஈக்களெல்லாம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தன. மாசிலாமணி பட்டினியில் வற்றிப்போனது.

ஈக்கு மனசு கேட்கவில்லை. “ஐயா, நன்றாக இருந்த தவளை திடீரென்று மெலிந்தால் என்ன காரணம்?”

மாசிலாமணிக்குத் தலை சுற்றியது. விரல் மட்டும் நிற்கவில்லை.

“குடற்புழுதான். வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து தின்னச் சொல்லுங்கள்.”