சத்தீஸ்கர் வரை ஓர் அம்பு

கடைசிப் பாடவேளை. திருச்செங்கோட்டு ஜூன் வெயில் ஜன்னல் வழியே பாதி வகுப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. காலையிலிருந்து நின்றே ஓய்ந்துபோன சௌந்திரம் டீச்சர், கரும்பலகையில் வரைந்த இந்தியாவில் பருவமழையின் அம்பைக் கேரளத்துக்குள் நுழைத்துவிட்டு, சாக்பீஸ் தூள் படிந்த கையை உதறுகிறார். கொட்டாவிகளுக்கு நடுவே தனப்பிரியா எழுகிறாள். “டீச்சர், சத்தீஸ்கருக்கு எப்பங்க மழை போகும்?” “அதெல்லாம் பரீட்சைக்கு வராது சாமி, உக்காரு.” “அங்க மழை புடிச்சாத்தானுங்க போர்வெல் போடறத நிறுத்துவாங்க. அப்பறந்தான் எங்கப்பா ரிக் வண்டியோட ஊட்டுக்கு வருவாரு.” “போன வருசம் மழை பேஞ்சும் அவங்கப்பா வரலீங்க டீச்சர்!” என்கிறான் தீனதயாளன். வகுப்பு சிரிக்கிறது. அவள் உட்காரவில்லை, பலகையையே பார்க்கிறாள். கேரளத்திலேயே இன்றுதான் முதல் தூறல் என்பது டீச்சருக்குத் தெரியும். வலிக்கிற தோளை மெல்லத் தூக்கி, அம்பைச் சத்தீஸ்கர் வரை இழுத்து விடுகிறார்.