இருவருக்கும் ஒரே சமையல்

"தாத்தா, என் கல்யாணத்துக்கு நீங்களும் பாட்டியும் வருவீங்கதானே?" என்று பள்ளிக்குப் போகும் பேத்தி கேட்ட மறுநாளே, தனக்குச் சர்க்கரை நோய் என்று தையல்காரத் தாத்தா தன் மனைவியிடம் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் விடவில்லை.

"எழுந்திருங்க, நடக்கணும். துணைக்கு நானும் வர்றேன்."

"டீயில அரை ஸ்பூன் சர்க்கரையாவது..."

"மூச்! வீட்டுல ரெண்டு சமையலா? உங்க பத்தியம்தான் எனக்கும்."

மூன்று மாதம் கழித்து இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள்.

"டாக்டர் தலைகீழா நின்னு சொல்லியும் கேட்காதவ நான். எனக்கே சர்க்கரை எறங்கிடுச்சு! உங்களுக்கு?"

"இன்னும் கொஞ்சம் இருக்காம்."

"விடுங்க, இன்னையிலேர்ந்து ரெண்டு சுத்து சேர்த்து நடப்போம்."

முன்பு அவர் சிகரெட்டை விடத் தவித்தபோது, துணைக்குத் தன் உயிரான காபியையே விட்டவள் அவள்.

அவள் செருப்பு மாட்டப் போனதும், பொய்க்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தனக்கு எந்த நோயும் இல்லை என்ற ரிப்போர்ட்டை அவர் கிழித்துப் போட்டார்.